வீட்டை நெருங்கி வரும் வலி

என் அருமை மச்சான்,

இன்று காலை ஐந்தாவது கிலோமீட்டரிலேயே வந்துவிட்டது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. நாம் இருவரும் சேர்ந்து பெயர் கொடுத்தோமே, அந்த அரை மாரத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வரை போய்த் திரும்ப வேண்டும். இருபத்தோரு கிலோமீட்டரும் கொஞ்சமும். அறுபத்தேழு வயதில் எனக்கு இதுதான் முதல் ஓட்டம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் முதல், யார் இரண்டாவது என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த உங்களுக்கு ஓட்டம் சோறு மாதிரி. என்னை எதற்கு இழுத்தீர்கள்? கேட்டதற்கு என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

"மாப்ள, நூலு எம்புட்டு இழுத்தா அறுந்துபோகும்னு மில்லுல முப்பத்தஞ்சு வருசமா எழுதி வச்சிய. நீங்க எம்புட்டுக்குத் தாங்குவியன்னு ஒருநா பாத்துருவமே."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மறுநாளே புது நோட்டு ஒன்று வாங்கி, தேதி, தூரம், நேரம், நாடித்துடிப்பு என்று கோடு போட்டேன். மில் சோதனைக்கூடத்துப் பழக்கம் என்னை விடவில்லை.

அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஒருநாள் ஓடித் திரும்பி வரும்போது மில் காம்பவுண்டு ஓரத்தில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, தாடை வரை ஏதோ இழுக்கிறது என்றீர்கள். முகமெல்லாம் வேர்வை. "வாய்வு மாப்ள, நேத்து மொச்சைக் குழம்பு. செத்த நேரத்துல சரியாப் போகும். உங்க நோட்டுல ஏத்திராதிய. தங்கச்சி பாத்தா ஊரையே கூட்டிருவா." நான் பேனாவை மூடிவிட்டேன். இன்னும் இரண்டு முறை அதே மாதிரி நின்றீர்கள். இரண்டு முறையும் நான்தான் சோடா வாங்கி வந்தேன். ஏப்பம் வந்ததும் இருவருக்கும் நிம்மதி.

விண்ணப்பப் படிவத்தையும் நான்தானே நிரப்பினேன், என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று. நெஞ்சு வலி உண்டா என்றொரு கேள்வி இருந்தது. தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தேன். "இல்லைன்னு போடுங்க மாப்ள. வாய்வுக்கெல்லாம் தனிக் கட்டம் போட்டிருக்கானா என்ன?" என்றீர்கள். உங்கள் பெயருக்கு எதிரே, அழகான எழுத்தில், இல்லை என்று எழுதினேன்.

படிவம் கொடுத்த ஒன்பதாம் நாள் காலை ஓடிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இதற்கு முன் வலி என்று எப்போதாவது சொன்னாரா என்று. உங்கள் தங்கை பாக்கியம் முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் கல்லு சார். தலைவலின்னுகூட ஒருநா படுத்ததில்லை." டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தப் பொய்க்கு நாலு மாதம் ஆகிறது. அவள் இன்றுவரை அதைத்தான் எல்லோரிடமும் சொல்லி ஆறுதல் அடைகிறாள்: சொல்லாமல் கொள்ளாமல் வந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்று.

உங்களுக்காக இதை ஓடி முடிப்பேன் என்று நான் தனியே பயிற்சியைத் தொடர்ந்தேன். போன மாதம் பதினாலாவது கிலோமீட்டரில் மார்பின் நடுவே ஒரு இறுக்கம். யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல. நின்றால் போய்விடுகிறது. அடுத்த வாரம் பதினொன்றில். பிறகு எட்டில். இந்த முறை ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன். வரிசையாகப் பார்க்கும்போது, ஏதோ ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டிலிருந்து நம் வீட்டை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. இன்று ஐந்து. நாளை தெருமுனையா?

சில நேரம் என்னையே சந்தேகப்படுகிறேன். இது என் வலிதானா, உங்கள் வலியை நினைத்து நினைத்து நானே வரவழைத்துக்கொண்டதா? பயந்தாங்கொள்ளிக்குப் பயமே நெஞ்சு வலியாக வரக்கூடாதா? டாக்டரிடம் போனால் தெரிந்துவிடும். ஆனால் போக வேண்டுமென்றால் பாக்கியத்திடம் சொல்ல வேண்டும். இது வாய்வு இல்லை என்று எப்படித் தெரியும், எதற்கு இத்தனை பயம் என்று அவள் கேட்பாள். அப்போது உங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

இன்று பாதியில் திரும்பி வந்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, போன சூட்டோட வந்துட்டிய?"

"ஷூ கடிக்குது."

"எங்கண்ணன் இருந்திருந்தா, மாப்ளைய ஷூ கடிச்சிருச்சு, ஊசி போடணும்னு தெருவெல்லாம் சொல்லியிருப்பாக." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? நெஞ்ச ஏன் தடவுதிய?"

"ஒண்ணுமில்லை. லேசா பிடிச்ச மாதிரி..."

"வாய்வாத்தான் இருக்கும். ராத்திரி கிழங்கு தின்னிய இல்ல? பூண்டு நசுக்கிப் பால்ல போட்டுத் தாரேன். குடிச்சா ஏப்பம் வந்து சரியாப் போகும்."

கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மச்சான், உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் உங்களுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்கிறாள், அதே அன்போடு, அதே நம்பிக்கையோடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏதாவது ஆனால், இந்தப் பூண்டுப் பாலை நினைத்து நினைத்து அவள் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பாள்? நான் சோடாவை நினைத்துக்கொண்டிருக்கிறேனே, அப்படி. இத்தனை நாள் நான் மறைத்தது ஒரு உண்மையை என்று நினைத்திருந்தேன். நான் சுமக்கிற அதே பாரத்தை அவள் கையிலும் கொடுத்து வைத்திருக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது.

அடுப்படியில் பூண்டு உரித்து, பால் காய்ச்சி முடித்துவிட்டாள் போல, இப்போது உரலில் இடிக்கிற சத்தம் கேட்கிறது. அது நிற்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

ஞாயிறன்று நான் ஓடவில்லை. நீங்கள் திட்டினாலும் சரி. அவள் டம்ளரை நீட்டும்போது வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, முதலில் உங்கள் வலியைச் சொல்வேன். பிறகு என்னுடையதை. அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாளா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்கள் மகன் வீட்டுக்குப் போய்விடுவாளா, தெரியவில்லை. எதுவானாலும் அவள் தெரிந்துகொண்டு செய்யட்டும். இது உங்கள் மேல் ஆணை.

சத்தம் நின்றுவிட்டது. வருகிறாள்.

உங்களுக்காகப் பேச வேண்டிய நாளில் பேசாமல் நின்ற,
உங்கள் தங்கை புருஷன்,
மாப்பிள்ளை சங்கரலிங்கம்