அறுபது மில்லிவோல்ட்

மார்ச் 10, திங்கள்

காலையில், வீட்டு உதவிக்கு வரும் கங்கம்மாள்தான் பார்த்தாள். என் மனைவி சந்திரம்மாளைக் குளிப்பாட்டப் புடவையைத் தளர்த்தியவள், "சார், இங்க வா சீக்கிரம்" என்று கூவினாள். இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் ஒரு கொப்புளம். மடிக்கணினியின் அடிப்பக்கம் எங்கே அதிகம் சுடுமோ அதே இடம். டிசம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு இடப்பக்கத்தில் உணர்ச்சி இல்லை. நேற்று மாலை முழுக்க அதை மடியில் வைத்து மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். வெந்துகொண்டிருந்தது அவளுக்கும் தெரியவில்லை, எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்த எனக்கும் தெரியவில்லை.

கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே, கடைசி பெஞ்சில் எவன் மிட்டாய் பிரிக்கிறான் என்று முதுகால் பார்த்தவன் நான். இப்போது முகத்தாலும் பார்ப்பதில்லை.

மார்ச் 11

நிலா கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினாள். "அப்பா, அதத் தூக்கி பீரோல வைங்க. அம்மாவுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் தெரியாது. நாக்கு குழறிப்போனது முதல் அவள் சொல்வதில் பாதி எனக்குக் காற்றாகத்தான் வருகிறது. வலது கையில் முன்பிருந்தே நடுக்கம். பேனா பிடித்தால் எழுத்து புழுவாக நெளிகிறது. செல்போனில் எழுத்துகள் எறும்பு அளவு, விரல் எங்கெங்கோ படுகிறது. ஆனால் விசைப்பலகையில் வைத்தால் அதே விரல்கள் தடம் மாறுவதில்லை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் இருபத்தைந்து வருடம் பத்திரமும் மனுவும் தட்டச்சு செய்தவள். அவள் தட்டுகிறாள், கணினி ஒரு பெண் குரலில் படிக்கிறது. அந்தக் குரலுக்குப் பேச்சுத் தமிழ் வராது, கொச்சையாக அடித்தால் உளறும். அதனால் இப்போதெல்லாம் என்னைச் செந்தமிழில்தான் திட்டுகிறாள்.

"இன்னாம்மா, டிவி நியூஸ் மாரி திட்டினு கீற" என்று கங்கம்மாள் சிரிப்பாள்.

பீரோவில் எதை வைக்கச் சொல்கிறாள் நிலா? அவள் அம்மாவின் வாயையா?

மார்ச் 14

மடியில் ஒரு பலகை, அதன்மேல் கணினி. தொடை தப்பியது. ஆனால் அடியில் காற்று போகும் துளைகளைப் பலகை அடைத்துக்கொண்டது. இருபது நிமிடத்தில் கொதித்துத் தானே அணைந்தது. பலகையில் துளை போட்டேன். முப்பது நிமிடம். சார்ஜரை எடுத்துவிட்டால் பேட்டரி ஐம்பது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. இன்று பகலில் மட்டும் இரண்டு முறை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. இரண்டு முறையும் பேச்சின் நடுவில் அவள் வாய் அடைபட்டது.

கணினிக்கு வயது ஏழு. புதிது வாங்கலாமென்றால், இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது.

மார்ச் 17

"மே ஒன்றாம் தேதி கிராம சபையில் நான் பேசப்போகிறேன்" என்று இன்று கணினி சொன்னது.

எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. மெயின் ரோட்டிலிருந்து, புதிதாக வந்த சரக்குக் கிடங்குக்கு லாரி போக வழி போட்டவர்கள், எங்கள் தெருத் தண்ணீர் ஏரிக்கு ஓடும் கால்வாயை மண்ணால் மூடிவிட்டார்கள். இரண்டு மழைக்காலமாகத் தெருவில் முழங்கால் தண்ணீர். அவளுக்கு வாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே கம்பெனித் தொழிலாளர் ஹாஸ்டலில் இருக்கும் ஆட்கள் நான்கு பேர் தண்ணீரில் சுமந்து போனார்கள். ஏழு நிமிட வழி முக்கால் மணி நேரம் ஆயிற்று. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

"மனுவாக எழுதிக் கொடுத்துவிடலாமே, நானே எழுதுகிறேன்" என்றேன்.

தட்டினாள். "மனு என்ன ஆகும் என்று மனு அடித்தவளுக்குத் தெரியும்."

வாஸ்தவம். வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். சபையில் வாயால் கேட்டால் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். ஆனால் சபை கூடும் பள்ளி மைதானத்தில் பிளக் கிடையாது. மைக்செட் ஜெனரேட்டரில் ஓடும், அதில் வேறெதையும் செருக விடமாட்டார்கள். மே மாத வெயில் வேறு. இந்தக் கணினி அங்கே அரை மணி நேரம் தாங்குமா?

மார்ச் 19

ஒரகடம் கூட்டுரோட்டில் நம்பிராஜன் கடை. தென்காசிப் பக்கத்துக்காரர், கம்பெனி அசெம்பிளி லைனில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுக் கடை வைத்தவர்.

"என்ன சார், தோசைக்கல்லு கணக்கா கொதிக்கி?"

திறந்து தூசி தட்டினார். கணினியின் மூளையான பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினார். பேட்டரி மாற்றலாமா என்றேன். "இந்த மாடலுக்கு ஒரிஜினல் வாரதில்ல. டூப்ளிகேட்டப் போட்டா வீங்கிரும். சூட்டக் கொறைக்கணும்னா பிராசஸருக்குப் போற வோல்டேஜக் கொறைக்கணும். பேட்டரியும் கூடக் கொஞ்சம் நிக்கும். சாப்ட்வேர்லயே செய்யலாம். ஆனா நான் செய்ய மாட்டேன்."

"ஏன்?"

"ஹேங் ஆச்சுன்னா என் சட்டையப் பிடிப்பீய. நீங்க வாத்தியாரு, பொறுமை உண்டு. நீங்களே செய்ங்க."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். விஷயம் எளிது. எட்டாம் வகுப்பு முழுவதற்கும் இருப்பதிலேயே பெரிய பையனின் அளவில் சட்டை தைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? எல்லாருக்கும் நுழையும், பலருக்குத் தொளதொளக்கும். பிராசஸரும் அப்படித்தான். சுமாரான சில்லுக்கும் போதுமென்று எல்லாவற்றுக்கும் தாராளமாக மின்னழுத்தம் வைத்துவிடுகிறார்கள். மிஞ்சியது சூடாகிறது. நம் சில்லுக்கு எவ்வளவு தொளதொளப்பு என்று பார்த்து ஓரம் பிடிக்க வேண்டும். அதிகம் பிடித்தால் தையல் விடும்.

மார்ச் 22, சனி

பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சோதனை, நோட்டில் குறிப்பு. ஒன்றும் குறைக்காதபோது 94 டிகிரி. ஐம்பது குறைத்ததும் 86. நூறில் 77. நூற்றிருபதில் நீலத் திரை, அணைந்தது. நூறுக்குத் திரும்பி, பிராசஸரைச் சாறு பிழியும் ஒரு சோதனையை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அசையவில்லை. பப்ளிக் பரீட்சையில் தேறியவன் வாராந்தரத் தேர்விலா தோற்பான்?

பேட்டரியும் ஒரு மணி ஐந்து நிமிடம் வந்தது.

மார்ச் 25

சந்திரம்மாள் நிலாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்தது. அவள் மூன்று வரி தட்டிவிட்டு, நான்காவதை யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தபோது!

மார்ச் 29

மறுபடி. இன்றும் சும்மா இருந்தபோதுதான். விண்டோஸ் அப்டேட்டாக இருக்குமோ?

ஏப்ரல் 3

மறுபடியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குரல் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடுமையான சோதனையை மூன்று மணி நேரம் ஓட்டினேன் — தேறிவிட்டது! நூற்றுக்கு நூறு! பிறகு அவள் கையில் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் உறைந்தது.

நம்பிராஜனைக் கூப்பிட்டேன். "சொன்னேம்லா" என்றார்.

திரும்ப உயிர்ப்பித்ததும் அவள் தட்டிய முதல் வரி: "நான் பேசும்போது மட்டும் ஏன்?"

எனக்கென்ன தெரியும்? நான் என்ன வேண்டுமென்றா செய்கிறேன்? கத்திவிட்டேன். அவளால் திருப்பிக் கத்த முடியாது என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. சீ.

ஏப்ரல் 11

ஐந்து நாளாக அவள் கணினியைத் தொடவில்லை. மடியில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறாள். கிராம சபைக்கு இருபது நாள்.

கங்கம்மாள் போகும்போது வாசலில் நின்று, "சார், கோச்சுக்காத. மிஷினு மேல நீ காட்ற அக்கறையில பாதி அம்மா மேல காட்டினா பேசும்" என்றாள். "பாதி போதுமா?" என்று கேட்டேன். "கால் போதும், உன்ன எனக்குத் தெரியாதா."

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை நாள். போன மாதம் தொடங்கிய நோட்டை எடுத்து, உறைந்த நேரங்களை வரிசையாக எழுதினேன். இங்கே எழுதாததையும் சேர்த்துப் பத்து முறை. பத்திலும் ஒன்றுதான் பொது: கணினிக்கு வேலை இல்லாத நேரம். கடும் வேலையில் ஒருமுறைகூட இல்லை.

பிறகு மண்டையில் உறைத்தது. வேலை அதிகமாக இருக்கும்போது பிராசஸர் தனக்கு அதிக மின்னழுத்தம் எடுத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது தானே குறைத்துக்கொள்கிறது. நானோ இரண்டிலும் அதே நூறைக் கழிக்கிறேன்! வகுப்பில் எல்லாருக்கும் பத்து மதிப்பெண் குறைத்தால் தொண்ணூறு வாங்கியவன் எண்பதோடு தேறுவான். நாற்பது வாங்கியவன்? முப்பதில் விழுவான். நான் தொண்ணூறு வாங்கியவனை மட்டும் பார்த்து, வகுப்பே தேறிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கடினமான பரீட்சைதான் பரீட்சை என்ற நினைப்பு. ஆயுசு முழுக்க வாத்தியாராக இருந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்வான். பேசுகிறவள் யோசிக்க நிறுத்துவாள், அந்த நிறுத்தத்தையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 17

அறுபது. நூறில்லை, எண்பதில்லை, அறுபது. எண்பதில் ஒரு நாள் நின்று மறுநாள் விழுந்தது. அறுபதில் இரண்டு நாளாகச் சும்மாவே போட்டு வைத்திருக்கிறேன். விழவில்லை. வெறும் அறுபதில் சூடு 84தான், போதாது. அதனால் பிராசஸர் திடீரென்று வேகமெடுக்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். தட்டச்சுக்கு ஓட்டப்பந்தய வேகம் எதற்கு? இப்போது 66. பேட்டரி ஒரு மணி ஐம்பது நிமிடம்.

அவள் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டினாள். "உங்கள் சட்டையில் மூன்று நாளாக ஒரு பொத்தான் இல்லை."

ஏப்ரல் 23

அவள் பேசுவதற்கு நானே ஒரு உரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், திருத்தமாக, எடுத்துக்காட்டுகளோடு. படித்தாள். முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஒரே ஒரு விசை!

"நானே கேட்டுக்கொள்கிறேன்" என்றது குரல்.

ஏப்ரல் 30

சார்ஜ் நூறு. என் ரத்த அழுத்தம் நூற்றறுபது.

மே 1, வியாழன்

பதினொரு மணி என்றார்கள். ஆள் சேர்ந்து ஆரம்பிக்கும்போது பன்னிரண்டே கால். கணினியை அணைத்துத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். வரவு செலவு வாசித்தார்கள், குப்பை, தெருவிளக்கு. அவள் முறை வந்தபோது மணி ஒன்று. முன்வரிசையில் நாற்காலி, கணினியின் பக்கத்தில் மைக்கைக் கங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

ஊராட்சித் தலைவர் பகலவன் என்னிடம் எட்டாவது படித்தவன். "சார், நீங்களே படிச்சிடுங்களேன். ஜனம் வெயில்ல நிக்குது" என்றான். எழுந்துவிட்டேன். பழக்கம்.

"அவர் உட்காரட்டும்" என்றது ஒலிபெருக்கி.

மைதானமே சிரித்தது. உட்கார்ந்தேன்.

கால்வாயைப் பற்றி நான்கு வரி. ஆம்புலன்ஸ் நின்றதைப் பற்றி ஒரு வரி. தன் நாக்கைப் பற்றி ஒன்றுமில்லை.

"பாத்துப் பண்ணிடலாம்மா" என்றான் பகலவன்.

தட், தட். எல்லாரும் காத்திருந்தார்கள். "எப்போது?"

"மழைக்கு முன்னாடி."

"மழைக்குத் தேதி கிடையாது. நீங்கள் ஒரு தேதி சொல்லுங்கள்."

"கிடங்குக்காரங்ககிட்ட கலந்து பேசணும்மா. உடனே எப்படிச் சொல்றது?"

"கலந்து பேசும் தேதியைச் சொல்லுங்கள்."

பகலவன் தண்ணீர் குடித்தான். செயலரிடம் குனிந்து ஏதோ கேட்டான். அடுத்த தீர்மானத்துக்குப் போகலாமென்றான். "அம்மா இன்னும் முடிக்கலியே தலிவரே" என்று கங்கம்மாள் மைக்கை விடவில்லை. அந்தக் கணினி அரை மணியில் அணைந்துவிடும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் யோசித்தாள், திரை சும்மா இருந்தது, நான் மூலையிலிருந்த பேட்டரி அளவை எட்டிப் பார்த்தேன். வெயிலுக்காகத் திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றியிருந்ததால் வேகமாகக் கரைந்தது. 61 சதவீதம். 44. குனிந்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போன டீ டம்ளர் அளவுச் சூடு.

முக்கால் மணி ஆயிற்று. ஹாஸ்டல் ஆட்கள் ஷிஃப்ட்டுக்கு நேரமாகியும் போகவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "தேதியச் சொல்லிட்டு எங்கள விடுங்கண்ணே" என்றான்.

"சரிம்மா. ஜூன் பத்துக்குள்ள. ரெண்டடி விட்டத்துல குழாய் போட்டுத் தண்ணிய வெளிய விட்டுர்றோம்."

"தீர்மானத்தில் எழுதுங்கள். எழுதியதைப் படியுங்கள்."

செயலர் எழுதினார். படித்தார். தேதி விட்டுப்போயிருந்தது. அவள் தட்டத் தொடங்கியதுமே, கேட்காமலே, மறுபடி எழுதிப் படித்தார்.

19 சதவீதம்.

மே 2

இருவரும் மதியம்வரை தூங்கினோம்.

மே 20

ஒருவரும் வரவில்லை. பகலவனுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நான் கொதிக்கிறேன். அவள் அமைதியாக இருக்கிறாள். தீர்மான நகல் கேட்டு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

நேற்று கால்வாய் முனையில் பொக்லைன் வந்து நின்றது. இன்று காலை சிமென்ட் குழாய்கள் இறங்கின. சந்திரம்மாள் தன் நாற்காலியைத் தெருவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். புங்க மர நிழலில் உட்கார்ந்து, மடியில் பலகை, பலகைமேல் கணினி. மேஸ்திரி முதலில் சிரித்தாராம். இப்போது ஒரு மணி நேரமாக அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். குழாயின் விட்டம் தீர்மானத்தில் உள்ளதைவிடக் குறைவு என்கிறாள் அவள். இல்லை என்கிறார் அவர்.

கங்கம்மாளும் அங்கேதான். நான் உள்ளே சோறு வடிக்கிறேன். ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்கிறது:

"அளவு நாடாவை எடுத்து வாருங்கள்."

வாசலில் செருப்புச் சத்தம். நாடா கேட்டு மேஸ்திரி என்னிடம் வந்து நிற்கிறார்.