செல்வி வேண்டாமென்ற பென்ஷன்

9 மார்ச் 2007, வெள்ளி. அபுதாபி, முசஃபா லேபர் கேம்ப்.

பிரிந்திருக்கும் மனைவி செல்விக்கு இன்று போன் செய்தேன். மகளுக்காகக் கோர்ட் விதித்த ஜீவனாம்சத்தில் எட்டு மாத பாக்கியைப் போன வாரம்தான் மொத்தமாக அனுப்பியிருந்தேன்.

"பணம் வந்துச்சுங்க. தாலுகா ஆபீஸ்ல பென்ஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

கணவன் கைவிட்ட பெண்களுக்கு அரசு தரும் பென்ஷன் அது. அதை வைத்துச் சமாளித்துக்கொள்வாள் என்றுதான் எட்டு மாதம் அனுப்பாமல் இருந்தேன்.

"யாரும் கேக்கலையே, பேசாம வாங்கியிருக்கலாமே?"

"புள்ளைக்கு அப்பா பணம் அனுப்புறாரு. கைவிட்டுட்டாருன்னு இனி எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

என்ன மனசு அவளுக்கு. ரூமில் யாரிடமாவது சொல்லத் தோன்றியது. சொன்னால் அந்த எட்டு மாதத்தையும் சொல்ல வேண்டும்.

இனி அவளுக்கு நான் அனுப்புவது மட்டும்தான். அது தெரிந்தேதான் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.