கரண்ட் வந்துவிட்டது என்று சொன்ன உன் குரல்

இன்று காலை சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒரு ஒயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகியதும் அந்தப் பிசின் புகை முகத்துக்கு நேராக எழுந்தது. சமையலறையிலிருந்து அம்மா, "என்னமோ தீயுது பாரு" என்று சத்தம் போட்டாள். ஒன்றும் தீயவில்லை. அது உன் வாசனை. சீயக்காயும் இந்தப் புகையும் சேர்ந்து மணக்கிற தலையோடு வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. அயர்னை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு உனக்கு எழுதிவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். உன் குரல் விஷயத்தில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். உன்னைக் கேட்காமல் உன் சாமானில் கைவைத்துவிட்டேன் அல்லவா?

பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த புதிதில் உன்னைக் கண்டால் எனக்கு ஆகாது. லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டை ஒரு நாளும் என் பக்கம் தள்ளமாட்டாய். புரோகிராமில் வருகிற பெயர்களுக்கெல்லாம் உன் வீட்டு மாடுகளின் பெயரை வைப்பாய். செவலையையும் மயிலையையும் கூட்டினால் காரி வரும். மிஸ் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது லேபா, மாட்டுப் பட்டியா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "விடை சரியா வருதுங்க மிஸ்" என்றாய். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து நாம் சிநேகிதமாகிவிட்டோம்.

உனக்குக் கெமிஸ்ட்ரி ஏறவே ஏறாது. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நீ பஸ்ஸில் எனக்குச் சர்க்யூட் சொல்லிக்கொடுப்பாய், நான் உனக்குச் சமன்பாடு. அன்னூரிலிருந்து வருகிற அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியே படித்தோம். உன் பையில் புத்தகத்தைவிட ஊரார் வீட்டு எரியாத எல்.இ.டி. பல்புகள்தான் அதிகம் இருக்கும். மூடியைக் கழற்றி, கருகிப்போன ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அதன் தலையில் சொட்டு ஈயம் வைத்தால் பல்பு பிழைத்துக்கொள்ளும். "செத்த ஒன்னைத் தாண்டி உட்டா மத்ததெல்லாம் எரியும் புள்ள" என்பாய். அன்றைக்கு அது எனக்குப் பல்பைப் பற்றிய பேச்சு மட்டும்தான். இன்று நினைத்தால் உன்மீது கோபம் வருகிறது.

அப்புறம் அந்தப் போர்டு. உங்கள் தோட்டத்துக்கு மூணு பேஸ் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மதியம் வரும், சில நாள் சொன்ன நேரத்துக்கு வராது. உன் அப்பா வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்துத் தோட்டத்தில் போனிலேயே மோட்டாரைப் போடுகிற கருவி வாங்கி மாட்டியிருந்தார்கள். உன் அப்பா அதை நம்பவில்லை. "கெணத்துல தண்ணி கெடக்குதான்னு அது எட்டிப் பாக்குமா?" என்று கேட்டார். சரி, மோட்டாரை அவரே போட்டுக்கொள்ளட்டும், கரண்ட் வந்ததை மட்டும் போனில் கூப்பிட்டுச் சொல்லுகிற ஒன்றைச் செய்து தருகிறேன் என்று நீ கிளம்பினாய். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பாய் ஒருவர், சிம் போடுகிற போர்டை நம் கையில் கொடுத்துவிட்டு, "ஊட்ல சொல்லிட்டுத்தான வந்தீங்க?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

முதல் நாள் அது உன் அப்பாவைக் கூப்பிட்டதும், குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு தோட்டத்துக்கு ஓடினார். போனால் இரண்டு பேஸ்தான் வந்திருந்தது. அதில் மோட்டாரைப் போட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கருகிவிடும் என்பது உங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நீ ஒரே ஒரு பேஸை மட்டும் பார்க்கிற மாதிரி ஒயர் கொடுத்துவைத்திருந்தாய். திரும்பி வந்து, "ஏங் கண்ணு, உன்ற மிசினு ரெண்டு பேசுக்கே இந்தக் குதி குதிக்குதே, மூணும் வந்தா என்ன பண்ணும்?" என்று கேட்டார். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றையும் பார்க்கிற மாதிரி மாற்றும்வரை நீ யாரிடமும் பேசவில்லை. எவ்வளவு ரோஷம் உனக்கு!

வெறும் மணி அடித்தால் போதாது, குரல் வேண்டும் என்றதும் நீதான். உங்கள் வீட்டு ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில் உட்கார்ந்து உன் போனில் பதிவு செய்தோம். நீ பேச ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும், நான் சிரித்தால் நீ சிரிப்பாய். கடைசியில் ஒரு தடவைதான் ஒழுங்காக வந்தது. "அப்பா, கரண்ட்டு வந்துருச்சுங்க. மூணு பேசும் இருக்குதுங்க. மோட்டாரப் போட்டுக்குங்க." அது முடிகிற இடத்தில் உள்ளேயிருந்து உன் அம்மா, "கண்ணு, சோறு ஆறுது வா" என்று கூப்பிட்டார். நீ "வாரனுங்மா" என்றபடி எழுந்தாய். எல்லாம் சேர்ந்தே பதிவாகிவிட்டது. வாலை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டும் புள்ள, அப்பத்தான் எங்கூடு மாதிரி இருக்குது" என்றாய். அப்படியே மெமரி கார்டில் ஏற்றிப் போர்டில் செருகினோம்.

அரைப் பரீட்சை முடிந்த கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்து போகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன பிறகும் நீ போனில் பேசினாய். "ரெக்கார்டுல படத்த மட்டும் நீ வரைஞ்சுபோடு, எழுதறத நான் வந்து எழுதிக்கறேன்" என்றாய். நான் பென்சிலால் வரைந்து வைத்தேன். படத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாகவே கிடக்கிறது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பள்ளிச் சீருடையில் வந்து நின்றேன். மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

போர்டுக்கு இதெல்லாம் தெரியாது. மூன்றாம் நாள் சாங்கியத்துக்கு வந்த சனம் வாசல் நிறைய உட்கார்ந்திருந்தபோது உன் அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். கரண்ட் வந்துவிட்டது என்று நீ சொன்னாய். சோறு ஆறுது என்று உன் அம்மா கூப்பிட்டார். வாரனுங்மா என்றாய். உன் அம்மா போட்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

அதற்குப் பிறகும் உன் அப்பா அதை நிறுத்தவில்லை. தினமும் போன் அடிக்கும், முழுதாகக் கேட்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். உன் அம்மா அந்த நேரத்துக்கு எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம் என்றால், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மாவாட்டும்போது வரும், பால் கறக்கும்போது வரும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அத நிறுத்துங்க" என்று கத்தினாராம். "அது ஒன்னுதான் இருக்குது" என்று அவரும் கத்தினாராம். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நான் போயிருந்த ஒரு நாள், உன் அம்மா கன்றுக்குட்டியிடம், "உங்கய்யனுக்குச் சோறு எடுத்து வெச்சிருக்குதுன்னு சொல்லு" என்றார். உன் அப்பா கன்றைத் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குப் பயமாக இருந்தது. உன்னோடு சேர்ந்து அந்த வீடும் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு நாள் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அந்தப் பேச்ச எடுத்துப்போடு. அவ பேசறதக்கூடப் பொறுத்துக்குவேன். நான் கூப்புடறேன், அவ வாரேங்கறா. நித்தமும் வாரேங்கறா. என்னால முடியல." மோட்டார் ரூமில் இருந்த உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எடுத்துப்போட்டா பின்ன அவ எங்க பேசுவா?" என்று கேட்டார். துடைத்து முடித்ததும் அவரே போர்டைக் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது, பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவின் குரலும் உன் கடைசி வார்த்தையும் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் உன் அப்பாவுக்கு நீ கிடைப்பாய், உன் அம்மாவுக்கு வலி குறையும். வெட்டுவதற்கு ஒரு நொடி ஆகவில்லை. அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மோட்டாரப் போட்டுக்குங்க என்று நீ சொன்னதும் சட்டென்று நின்றது. உன் அம்மா காத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாங் கூப்புட்டத எடுத்துப்போட்டயா கண்ணு?"

கேட்க முடியாது என்று அவர் சொன்னது அந்தச் சத்தத்தைத்தான், அது இல்லாமல் போனபோது துடித்ததும் அதற்காகத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேண்டாமுங்கம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டு வேற குரல் போட்டுக்கலாமுங்க" என்றேன். உன் அப்பாவைப் பார்த்து, நீங்களே பேசுங்கள் என்றேன். "எனக்கு நானே போன் பண்ணிக்கறதா?" என்று எழுந்து போகப் பார்த்தார். நானே பேசலாம் என்று போனை வாயருகே வைத்தேன். முதல் வார்த்தையே "அப்பா" என்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"கொண்டா இங்க" என்று உன் அம்மா போனை வாங்கினார். எங்கே பேச வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தோட்டத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற அதே உரத்த குரலில் பேசினார்.

"ஏனுங்க, கரண்ட்டு வந்துருச்சுங்க. மோட்டாரப் போட்டுப்போட்டு நேரத்துல சாப்புட வாங்க."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உன் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு உன் அம்மா அவரை "ஏனுங்க" என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதுவும் என் போனைப் பார்த்து. அதைப் போர்டில் ஏற்றி மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் நான் பஸ்ஸில் இருந்தபோது உன் அப்பா கூப்பிட்டு, "வேல செய்யுது கண்ணு" என்றார். பிறகு கன்றுக்குட்டிக்குத் தூது போகிற வேலை இல்லாமல் போனது. சண்டை போடும் அளவுக்குப் பேச்சு திரும்பியிருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனால் இதோடு முடியவில்லை.

உன் பதிவை நான் அழிக்கவில்லை. மெமரி கார்டிலிருந்து எடுத்த வெட்டாத முழுப் பதிவு என் போனில் இருக்கிறது, நீ வைத்த பெயரிலேயே. உன் அப்பா சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் சில நாள் எங்கள் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்துவார். படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார். அப்புறம் கையை நீட்டுவார். நான் இயர்போனைக் கொடுப்பேன். கேட்டு முடித்ததும், "அம்மாளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு, சங்கடப்படுவா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

இன்று மதியம், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முருங்கைக்காய் காய்த்துத் தள்ளுகிறது, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். எங்கள் வீட்டு மரத்திலும்தான் காய்த்துத் தொங்குகிறது. என் அம்மா காபி போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது இருக்குதா கண்ணு? அழிச்சுப்போட்டயா?"

இருக்கிறது என்றேன்.

"முழுசும் வேண்டாம். நாங் கூப்புடற எடத்துல இருந்து போடு."

போட்டேன். கேட்டார். இன்னொரு தடவை என்றார், போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குச் சொல்லிப்போடாத, மறுக்கா மனசு உட்டுருவாரு" என்றார். சரிங்கம்மா என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

உன் அப்பா வந்துபோவதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் வந்துபோனதை உன் அப்பாவிடம் சொல்லப்போவதும் இல்லை. இருவரில் யார் எப்போது வந்து கேட்பார்கள் என்று தெரியாது. போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.