இரண்டு மூடிகள்

மார்ச் 4
எங்கள் தொழிற்சாலை விற்ற போர் விமானங்களைப் பார்த்துக்கொள்ள இந்த விமானப்படைத் தளத்துக்கு வந்து ஐந்து மாதம். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் என் துணிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. "அங்க போறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து கேக்குறியா?" என் கணவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வழியனுப்பவும் வரவில்லை. நானும் வீம்புக்குக் கூப்பிடவில்லை.

மார்ச் 11
இறக்கைக்கு அடியில் திருகி மூடும் ஒரு தகட்டு மூடி நசுங்கிவிட்டது. பக்கத்து விமானத்தின் மூடியை வைத்துப் பார்த்தார்கள். திருகுத் துளைகள் மயிரிழை தள்ளி நின்றன.

"அசல் கம்பெனி விமானத்துல ஒண்ணோடது இன்னொண்ணுக்குச் சேருதே," என்றார் தலைமை மெக்கானிக். "நீங்க லைசென்ஸ் வாங்கிச் செஞ்சது மட்டும் ஏன் சேரல?"

"ஒவ்வொண்ணையும் கையால பொருத்துறோம் சார். அதோடது அதுக்குத்தான் சேரும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சுருக்கென்றது. தனியாகச் சாப்பிட்டேன். அது புதிதில்லை.

மார்ச் 12
மூடி இருந்த இடத்தில் மெல்லிய தாளை ஒட்டி, துளைகளைப் பென்சிலால் பதித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். அங்கே மூடி செய்வது என் கணவரின் பிரிவு. உள்ளே ஒரு வரி எழுதலாமா? என்னன்னு எழுத? எழுதவில்லை.

மார்ச் 20
குளிக்கும்போது உறைத்தது. தாளில் எது வெளிப்பக்கம் என்று குறிக்கவே இல்லை! திருப்பி வைத்தால் இடது வலதாகிவிடும். வளைந்த மூடி, மாற்றிப் போடவும் முடியாது. தப்பா வந்துச்சுன்னா இவங்க சிரிச்சே கொன்னுடுவாங்க. ஒரு போன் போட்டால் முடிந்தது. எண்ணை அழுத்தினேன். அவர் எடுக்கலன்னா? மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பாவி மனசு.

ஏப்ரல் 2
தொழிற்சாலையிலிருந்து பெட்டி வரவில்லை.

ஏப்ரல் 9
வந்தது. உள்ளே இரண்டு மூடிகள், ஒன்று இடம், ஒன்று வலம். ஒன்றின் உட்புறத்தில் அவர் கையெழுத்து: "எந்தப் பக்கம்னு நீ எழுதல. ரெண்டும் செஞ்சிருக்கேன். ஒழுங்கா சாப்பிடுறியா?"

கொஞ்ச நேரம் விமானத்துக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

எழுத்து இல்லாத மூடிதான் சேர்ந்தது. திருகுகள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. தலைமை மெக்கானிக் ஓரத்தை விரலால் தடவினார்.

"யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"இன்னொண்ணு உதவாதே. தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம் சார். அது எனக்கு."

ஏப்ரல் 10
இன்னொரு வருஷம் இருக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.