மாதலேன் வளர்த்த பழச்செடிகள்

சைகோன், 1931

ஜனவரி 11, ஞாயிறு

மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும் மாதலேன் கத்தரிக்கோலோடு பின்பக்கம் போய்விட்டாள். அங்கே நாலு உண்ணிச்செடி, மூன்று களா, பக்கத்து வீட்டிலிருக்கும் இந்த நாட்டு அனாமியக்காரி கொடுத்த, பேர் தெரியாத சிவப்புப் பழச்செடி இரண்டு. எதையும் இடுப்புக்கு மேல் வளரவிட மாட்டாள். உயர்ந்தால் அடியில் பூனை பதுங்குமாம். பழமெல்லாம் குருவிக்குத்தான். நான் ஒரு களாப்பழத்தைப் பறித்ததற்கு, "ஆபீசுல சம்பளம் குடுக்கலியா, குருவி சோத்துல கை வைக்கிறீங்க?" என்றாள்.

புதுச்சேரியை விட்டு வந்தபின் என் மனைவி சிரிப்பது இந்தப் பத்தடி மண்ணில்தான். அதிலும் கால்விரல் வளைந்த கொண்டைக்குருவி ஒன்று வரும். கோணவிரல் என்று பேர் வைத்திருக்கிறாள். சமையலறை ஜன்னல்வரை வந்து உட்காரும்.

ஜனவரி 14

மாற்றல் பட்டியல் வரப்போகிறது. எனக்கு ஹாத்தியேன் என்கிறார்கள். காய்ச்சல் ஊர். அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 20

கையெழுத்து வாங்க எங்கள் ஆபீஸ் துரை வீட்டுக்குப் போனேன். மாற்றல் பட்டியல் போடுவதும் அவர்தான். வராந்தா முழுக்கப் பறவைக் கூண்டுகள். நல்ல கொண்டைக்குருவிதான் கிடைக்கவில்லை என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் தோட்டத்துக்குத் தினமும் வருகிறது, மொசியே" என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அந்தச் சுகத்தை எழுதவே கூசுகிறது.

ஜனவரி 24, சனி

மாதலேன் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். சந்தைக் குருவிக்காரனிடம் இரவல் வாங்கிய பொறிக்கூண்டைச் சிவப்புப் பழச்செடிமேல் வைத்தேன். உள்ளே பழக்கின குருவி ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அரை மணிகூட ஆகவில்லை. மாட்டியது — கோணவிரல். மனுஷனைக் கண்டு ஒதுங்காதது அதுதானே. விட்டுவிட்டு வேறொன்றுக்குக் காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. அவள் திரும்புமுன் துரை வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 27

"கோணவிரலை மூணு நாளா காணோம்ங்க."

பருந்து அடித்திருக்கும் என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு! அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜனவரி 31

பட்டியலில் என் பேர் இல்லை. அவள் தோட்டத்தைவிட்டுப் போகக்கூடாது என்றுதானே செய்தேன்? சீ, யாரிடம் சொல்கிறேன் இதை. அந்த நாற்காலிக்காகவும்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துரை எங்கள் இருவரையும் காப்பிக்கு அழைத்திருந்தார். வரவில்லை என்று சொல்ல எனக்கேது தைரியம். துரைசானி மாதலேனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "இது உங்கள் கணவர் பிடித்துத் தந்தது, மதாம்" என்றாள். கம்பியில் முட்டி முட்டி அதன் கொண்டை உதிர்ந்திருந்தது. மாதலேன் கம்பியோரம் விரலை வைத்தாள். அது வந்தது. "அழகாக இருக்கிறது, மதாம்" என்றாள் பிரெஞ்சில். என் பக்கம் திரும்பவில்லை.

குதிரைவண்டியில் வரும்போதாவது திட்டித் தொலைத்திருக்கலாம். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 10

குருவியைத் திருப்பிக் கேட்கத் துரையின் அறைக்குள் போனேன். அவர் நிமிர்ந்தார். ஏதோ விடுப்பு விவரம் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். தூ!

பிப்ரவரி 14, சனி

மாலை வீடு திரும்பியபோது மாதலேன் பின்பக்கம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். செடிகளை வெட்டுகிறாளோ என்று பதறிப்போனேன். வெட்டவில்லை. பழம், காய், பிஞ்சு எல்லாவற்றையும் உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"பழமிருந்தா வரும்ங்க. இந்த வீட்டை நம்பி இனிமே ஒண்ணும் வர வேணாம்."

"இனிமே அப்படிச் செய்யமாட்டேன், மாதலேன்."

கை நிற்காமலே கேட்டாள்: "துரை இன்னொண்ணு கேட்டா?"

 

எதிரே உட்கார்ந்து களாச்செடியை நான் உருவ ஆரம்பித்தேன். அவள் முறத்தை நடுவில் நகர்த்தி வைத்தாள். பொழுது சாயும் நேரம் இரண்டு குருவிகள் வந்தன. செடி செடியாகத் தாவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.