சாவி கொடுத்த அன்றே வீடு உனதாகிவிட்டதா?

அன்பு மகள் சாமியாவுக்கு,

அம்மாவின் ஸலாம். அத்தாவின் முழங்கால் வலி ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளை ரிஃபாயும் இங்கிலாந்தில் அந்த லெஸ்டர் குளிரில் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "அம்மா, எம் பேர்ல நம்மூர்ல வீடு இருக்கா, இல்லையா?" என்றாய். நான் "இல்ல" என்று சொன்ன அதே நேரத்தில் கட்டிலிலிருந்து உன் அத்தா "இருக்கு" என்றார்கள். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று நீ சிரித்தாய். போனை வைத்த பிறகுதான், இது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது.

நீ சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அங்கே முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் வாங்கும் வரியில் சலுகை தருகிறது. ஆனால் உலகத்தில் எந்த மூலையிலும் அதற்கு முன் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது, தானமாக வந்த வீடும் கணக்குத்தான். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் அது முதல் வீடாக இருக்க வேண்டும். அந்தச் சலுகை கிடைத்தால்தான் நீங்கள் பார்த்திருக்கும் வீட்டை வாங்க முடியும், இல்லையென்றால் கைநழுவிப் போய்விடும் என்றாய். பள்ளியில் நான் எத்தனையோ பெற்றோருக்கு முதல் பட்டதாரி சலுகையை விளக்கியிருக்கிறேன், அது போலத்தான் இதுவும். விக்ரம் என்றொரு பையன், வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்று அவன் அப்பா அடித்துச் சொன்னார். பேச்சுவாக்கில் பார்த்தால் அவன் அக்கா அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருக்கிறாள், அவள் வேலைக்குப் போகாததால் வீட்டில் யாருக்கும் அது பட்டமாகவே தோன்றவில்லை. நாம் எதை வீடு என்று எண்ணுகிறோம், சட்டம் எதை எண்ணுகிறது என்பதும் அப்படித்தானே?

உன் நிக்காஹ் முடிந்த கையோடு ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னால் அத்தா மேலத்தெரு வீட்டுச் சாவியை உன் கையில் கொடுத்து, "இந்த வீடு ஒனக்குத்தாம்மா" என்றதும் நீ தலையசைத்து வாங்கிக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுப்பது நம் தெருவில் வழக்கம் என்பதால் பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம், இன்றுவரை பதியவில்லை. அதனால்தான் நான் இல்லை என்றேன். மாப்பிள்ளையும் மறுநாள் கூப்பிட்டு, "பதியவே இல்லையே மாமி, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் அத்தா கேட்டுவிட்டார்கள். "நாலு பேரு முன்னாடி குடுத்தத, குடுக்கலேன்னு எம் மகளே எழுதணுமா? அப்ப நான் அன்னைக்குச் சாவியக் குடுத்துச் சும்மா வெளையாடினேனா?" என்று கேட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மீன் குழம்பைச் சூடு பண்ணி வைத்த பிறகுதான் கோபம் இறங்கியது.

எனக்கோ யார் சொல்வது சரி என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. அறந்தாங்கியில் வக்கீலாக இருக்கும் கார்த்திகாவைப் போய்ப் பார்த்தேன், எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். அவள், "டீச்சர், ஒங்க முஸ்லிம் சட்டத்துல வாயால குடுத்து, வாங்குறவுக ஏத்துக்கிட்டு, வீடும் அவுக கைக்கு வந்துட்டா தானம் முடிஞ்சிரும். பத்திரம் இல்லாட்டியும் செல்லும்" என்றாள். பிறகு அவள் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது: "இப்ப அங்க யாரு குடியிருக்கா, வாடகை யாருக்குப் போவுது?" நர்ஸ் பிளெஸ்ஸி குடியிருக்கிறாள், நீ லெஸ்டர் போன பிறகு அவளை வைத்ததே உன்னைக் கேட்டுத்தான், வாடகை உன் கணக்குக்குத்தான் வருகிறது. வீட்டு வரி மட்டும் இன்னும் அத்தா பேரில். "பாதி இங்கிட்டு, பாதி அங்கிட்டுன்னு வச்சிருக்கீங்களே டீச்சர்" என்று சிரித்தாள். இதை அந்த நாட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது தனக்குத் தெரியாது, அங்குள்ள வக்கீல்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

இன்னொன்று. வாங்கியதும் புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கொஞ்ச நாள் பழைய இடத்திலேயே இருக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாயே. குடியிருக்க வாங்குகிறவர்களுக்குத்தானே சலுகை? நீங்கள் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விட்டால் என்ன ஆகும், வேலை மாறி வேறு ஊர் போனால் என்ன ஆகும், கடன் கொடுக்கும் வங்கி இதற்கு என்ன சொல்லும் என்றும் கேட்டு எனக்கு எழுது, தெரிந்துகொள்ள ஆசையாயிருக்கிறது.

நேற்று இரவு அத்தா தாமாகவே சொன்னார்கள்: "வரி கட்டணும்னா கட்டட்டும், அங்க பாத்த வீடு போச்சுன்னா வேற வீடு பாக்கட்டும். நான் குடுத்தது குடுத்ததுதான்." முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. எனக்கும் இப்போது அதே எண்ணம்தான்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நிம்மதியான கூரையைத் தரட்டும். மாப்பிள்ளையிடம் அத்தாவுக்குக் கோபமில்லை என்று சொல். கையெழுத்துப் போடுமுன் உன் வக்கீலிடம், உன் நிக்காஹ் அன்று நடந்ததை நடந்தபடியே சொல்.

உன் அம்மா,
ரோஷன் பேகம்
கோட்டைப்பட்டினம்