வாசலில் வைத்த மழைக்குழி

அக்டோபர் 7, செவ்வாய்

மேகம் இருக்கிறது, மழை இல்லை. ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விட வேண்டும். மூன்று வாரமாக இதையே எழுதுகிறேன்.

கா. 9 மணி, பனித்திட்டு. அஞ்சலையின் புது வீடு. புருஷன் முருகவேல் கடலுக்குப் போயிருந்தார். கொம்யூன் பஞ்சாயத்து கேட்ட மூன்றும் செய்திருக்கிறார்கள்: சாம்பல் செங்கல் சுவர், மாடியில் வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு, வாசலில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைக்குழி. ஒரே குறை, கட்டட நிறைவுச் சான்று வாங்காமலே ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டார்கள். போகட்டும், முகூர்த்தம் என்னைப் போன்ற ஓவர்சியருக்காகக் காத்திருக்குமா.

என் சிவப்பு பக்கெட்டால் வழக்கமான சோதனை. ஓட்டை போட்ட குழி மூடிமேல் ஊற்றினால் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை. தெருவுக்கு ஓடியது. இரண்டாவது பக்கெட்டும் அப்படியே.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன் அஞ்சலையிடம்.

"இன்னா மேடம் இது! குழி வெட்டுன்னீங்க, வெட்னோம். மூடி போடுன்னீங்க, போட்டோம். ஞாயித்துக்கெழம எம் பொண்ணு பச்சப் புள்ளயோட வர்றா. சான்று இருந்தாதான் சனிக்கெழம லைன்மேன் மீட்டரு வெப்பாரு. ஃபேன் இல்லாத வூட்ல கொழந்தய எப்படிப் படுக்க வெக்கறது?"

பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, குழி வெட்டிய மேஸ்திரி ராஜேந்திரன்மேல். ஜல்லி, மணல் போடாமல் ஏமாற்றியிருப்பார், மூடிக்குக் கீழே வெறும் மண்ணாகத்தான் இருக்கும். அங்கேயே நின்று போன் போட்டுக் கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆபீஸில் உதவிப் பொறியாளர்: "ஒரு கையெழுத்துதானம்மா. நாலு பேரு புகார் குடுத்தா அந்த மழைக்குழி விதியையே எடுத்துடுவாங்க." விதி போனால் குழியும் போகும். மழை மண்ணில் இறங்காவிட்டால் கடல் உப்பு நிலத்தடிக்குள் வரும். அஞ்சலை வீட்டு போர் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பே போட வேண்டாம். இன்னும் சில வருஷத்தில் பாகூர் வயலுக்கும் அந்தக் கதிதான். போட மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

புழுக்கம். மூடியைத் தூக்க நாலு பேர். ராஜேந்திரன் கடப்பாறை போட்டார்.

உள்ளே: ஜல்லி, கரி, மணல். வரிசை பிசகாமல், நான் வரைந்து கொடுத்தபடியே. சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தோம். ஓட்டை எல்லாம் அடைப்பு. குச்சியால் குத்தினால் சாணியும் கோலமாவும் கெட்டியாக, பூசி வைத்ததுபோல. குடி வந்த நாளிலிருந்து அஞ்சலை தினமும் சாணி தெளிக்கிறாள், அதன்மேல் கோலம் போடுகிறாள்.

"ஏம்மா, இதுமேலயா தெளிப்ப?"

"வாசல்ல தெளிக்காம வேற எங்க தெளிப்பாங்க? மூடிய வாசல்ல வெச்சது நீங்க. மூடிய நகத்து மேடம், கோலத்த ஏன் நகத்தச் சொல்ற?"

கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. கேட்டிலிருந்து மூன்றடியில் குழி, மாடிப் பைப் மூடிமேல் கொட்டும், சருகு மேலேயே நிற்கும், பெருக்கிவிடலாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! வரைந்தது நான். கொம்யூன் முழுக்க அந்தப் படம்தான்.

நேற்று வேடிக்கை பார்த்த அதே தெரு. "தப்பு என்னுது ராஜேந்திரன். மன்னிச்சுக்குங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"அந்தக் கத்து கத்துனீங்களே மேடம், எம் பொண்டாட்டி ஸ்பீக்கர்ல கேட்டா" என்றார். பிறகு சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

தூறல் மாதிரி வந்து ஏமாற்றியது. இதுவரை நான் கையெழுத்துப் போட்ட வீடுகள் ஏழு. எல்லாவற்றையும் குடி வருவதற்கு முன்பே சோதித்தேன், அப்போது ஜோராக இறங்கியது. இன்று பக்கெட்டோடு திரும்பப் போனேன்.

பாகூர் ஏரிக்கரை பக்கம் மூன்று வீடு: அடைப்பு.
பனித்திட்டில் இன்னும் இரண்டு: அடைப்பு. ஒரு வீட்டம்மா: "மறுபடியும் பக்கெட் மேடம் வந்துட்டாங்கடி."
வில்லியனூர் ரோட்டில் ஒன்று: மடமடவென்று இறங்கியது! சந்தோஷம் இரண்டு நிமிஷம்தான். சொந்தக்காரர் பிரான்ஸில், வீடு பூட்டிக் கிடக்கிறது, தெளிக்க ஆளில்லை.

ஏழாவது என் வீடு. மாலை வாசலில் ஊற்றினேன். நின்றது. தினமும் தெளிப்பது யார்? நான்தான். வெட்கமாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு வேலை.

ஒன்று, புதுப் படம். குழி அங்கேயே இருக்கட்டும். ஓட்டையில்லாத மூடி. மாடிப் பைப் பக்கச் சுவரோரம் சின்ன வடிகட்டும் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மண்ணுக்கடியில் குழிக்குப் போகும். மூடிமேல் தெளிக்கட்டும், கோலம் போடட்டும், தேரே இழுக்கட்டும்.

இரண்டு, ஆபீஸுக்குக் கடிதம். நான் கையெழுத்துப் போட்ட ஏழில் ஆறு வீட்டுக் குழி வேலை செய்யவில்லை, வரைபடத்தில் பிழை, பிழை என்னுடையது, வீட்டுக்காரர்கள் மேல் குற்றமில்லை, கொம்யூன் செலவில் திருத்த வேண்டும்.

உதவிப் பொறியாளர் படித்துவிட்டு: "யாருக்கும் தெரியாத விஷயத்த நீயா போய்ச் சொல்றியே. உந் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கற. மெமோ வரும்."

"வரட்டும் சார். விதிய மட்டும் தொடாதீங்க."

காலையிலேயே ராஜேந்திரனும் இரண்டு ஆட்களும் அஞ்சலை வீட்டில் இறங்கிவிட்டார்கள். மா. 5 மணிக்குத் தொட்டியில் பக்கெட்டைக் கவிழ்த்தேன். குழிக்குள் களகளவென்று சத்தம். இன்னும் ஒன்று. அதுவும் போனது. கையெழுத்துப் போட்டேன். அஞ்சலை காகிதத்தை வாங்கிக்கொண்டு, "திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றாள். நன்றாகத்தான் திட்டினாள்.

சனிக்கிழமை மீட்டர். திங்கள் முதல் மற்ற வீடுகள், ஏரிக்கரையிலிருந்து. என் வீடு கடைசி.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியும்போதே பிடித்துக்கொண்டது. சரியான மழை. பால் பாக்கெட் வரவில்லை.

கா. 8 மணிக்கு அஞ்சலை போன். "மேடம், உள்ள எறங்குது! ஒரு சொட்டு தெருவுக்குப் போவல. பொண்ணு வந்துட்டா. ஃபேன் சுத்துது, கொழந்த தூங்குது. உங்க வூட்ல எப்படி மேடம், நல்லா எறங்குதா?"

என் வாசலில் கணுக்கால் தண்ணீர். மூடி அடியில் எங்கோ கிடந்தது. படிவரைக்கும் ஏறி, கேட் வழியாகத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல அஞ்சலை. எனக்குக் கடைசியாதான் ராஜேந்திரன் வருவார்."

"ஐயய்யோ, அப்ப இன்னா பண்ணுவீங்க?"

சிவப்பு பக்கெட்டை எடுத்தேன். இந்த முறை ஊற்ற இல்லை, மொள்ள.